கணக்கில் வராத அண்ணன்

சந்தை வாசலில், செருப்புக் கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவே இருந்த இடுக்கில்தான் அவளுடைய கடை. கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு மேசை, அதன்மேல் சாவி வெட்டும் மெஷின், பின்னால் பலகையில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் வெட்டாத சாவிகள், உட்கார ஒரு ஸ்டூல். எல்லோருக்கும் அவள் சாவியக்கா. பல் போன கிழவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷினிலிருந்து தெறிக்கும் பித்தளைத் தூள் முன்னந்தலையில் படிந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் அவளுடைய அண்ணன், "தங்கச் சுரங்கத்துலேர்ந்து வரியா?" என்று கேட்பான். தினமும் அதே கேள்விதான், தினமும் அவள் சிரிப்பாள்.

அண்ணனுக்குச் சின்ன வயதில் போலியோ. போலியோ சொட்டு மருந்து கொடுக்க ஆட்கள் வந்த அன்று அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "சளி பிடிச்சிருக்கு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள். அடுத்த தடவை வருவதற்குள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது கால்களையும் கொண்டுபோய்விட்டது. வளர வளர முதுகும் ஒரு பக்கமாக வளைந்தது. அதற்குப் பிறகு பிறந்த இவளுக்கு அம்மா ஒரு தடுப்பூசியையும் தவறவிடவில்லை. ஊசி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளாம்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அண்ணனும் தங்கையும் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "அண்ணனும் கூட வருவான்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவாள். வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். அவளுக்கு அதில் பெரிய குறை ஒன்றும் இல்லை. காலையில் அவனைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பாள். குளிப்பாட்டி, சாப்பாடு வைத்து, போனைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். டாக்சி ஸ்டாண்டுக்கு வரும் அழைப்புகளை எடுத்து, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்வது அவன் வேலை. நல்ல கனமான, பதறாத குரல். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் குரல் தெரியும். ஆளைத் தெரியாது.

வளைந்த முதுகுக்குள் அவனுடைய நுரையீரலுக்கு இடம் போதவில்லை. "சாதாரண சளியே இவருக்குப் பெரிய விஷயம்" என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் வருஷா வருஷம் சளிக் காய்ச்சலுக்கான ஊசி, நிமோனியாவுக்கான ஊசி என்று எதையும் அவன் தவறவிட்டதில்லை. "அம்மா விட்ட ஒண்ணுக்கு நான் இப்ப வட்டியோட போட்டுக்கறேன்" என்பான். தங்கையையும் விடமாட்டான்.

"நீயும் போய்ப் போட்டுக்கோயேன். நாள் முழுக்க ஊர் சனம் மூஞ்சில மூஞ்சி வச்சுப் பேசுற."

"எனக்கென்ன, நான் இரும்பு."

"இரும்புக்குத்தான் துரு பிடிக்கும்."

அவள் போனதில்லை. கடையை யார் பார்த்துக்கொள்வது என்பாள். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

அந்த வருஷம் ஊரில் புதிதாக ஒரு காய்ச்சல் பரவியது. நெஞ்சுக் காய்ச்சல் என்றார்கள். நல்ல உடம்புக்காரர்கள் ஒரு வாரம் படுத்து எழுந்தார்கள். வயதானவர்களும் நெஞ்சு பலவீனமானவர்களும் எழவில்லை. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. சாவியக்கா கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். எத்தனை நாள்தான் உட்கார முடியும்? அண்ணனுக்கு டாக்சி அழைப்புகளும் குறைந்துவிட்டன. மறுபடி கடையைத் திறந்தாள். முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சாவியையும் சோப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தாள். வாசலில் யாராவது இருமினால் ஸ்டூலைப் பின்னால் இழுத்துக்கொள்வாள்.

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுக் காய்ச்சலுக்கு ஒரு தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்கிறார்கள், நல்ல உடம்போடு இருக்கும் பெரியவர்கள் விருப்பப்பட்டால் வரலாம் என்று செய்தி வந்தது. பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "எலி கிடைக்கல போல, மனுஷன் போதும்னு முடிவு பண்ணிட்டாங்க." சாவியக்கா சிரிக்கவில்லை. மறுநாளே கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஆய்வுக்கென்று இரண்டு அறைகளை ஒதுக்கியிருந்தார்கள். அங்கிருந்த நர்ஸ் வயதில் இவளைவிடச் சின்னவள். ரத்த அழுத்தம் பார்த்தாள், எடை பார்த்தாள், ஆயிரம் கேள்வி கேட்டாள்.

"பெரியவங்களானப்புறம் என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கீங்கக்கா?"

"ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்தோட சரி."

நர்ஸ் அவள் விரல்களைப் பார்த்தாள். அத்தனையும் வெட்டுத் தழும்பு. "இவ்வளவு தகரம், இரும்பு கிழிச்சிருக்கு. டெட்டனஸ் ஊசி?"

"எண்ணெய்த் துணியச் சுத்திக்குவேன்."

"அக்கா, இன்னும் கண்டுபிடிக்காத ஊசிய நம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. எப்பவோ கண்டுபிடிச்சது ரெடியா இருக்கு, அத விட்டுட்டீங்களே. இது முடிஞ்சு கொஞ்சம் இடைவெளி விட்டு அதையும் போட்டுக்கணும்." பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு, நிதானமாகச் சொன்னாள். "இதக் கேட்டுக்கங்க. வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. உங்களுக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் பிரிச்சு விடும்."

சாவியக்காவின் முகம் விழுந்துவிட்டது. "சிஸ்டர், எனக்கு மருந்தே போட்டுடுங்க. வீட்டுல அண்ணன் இருக்கான். அவனால ஒரு இருமலத் தாங்க முடியாது. நான்தான் வெளிய போய் வர்றவ. எனக்கு வராம இருந்தா அவனுக்கும் வராது."

"அது மட்டும் என் கையில இல்லக்கா."

"அப்போ அவனுக்குப் போடுங்க. நான் அவனத் தூக்கிட்டே வரேன்."

"முதல்ல நல்ல உடம்புக்காரங்களுக்குத்தான் போட்டுப் பார்ப்பாங்க. உங்க அண்ணன் மாதிரி இருக்கறவங்களுக்கு அப்புறம்தான். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடக் கூடாதில்ல?"

"கடைசில மருந்து வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?"

"எந்தப் பக்கத்துல அதிகமாக் காய்ச்சல் வருதுன்னு பார்ப்பாங்க."

"அப்ப யாருக்காவது வரணும்."

நர்ஸ் தயங்கினாள். "வரணும்னு யாரும் ஆசைப்படல. ஊருல சுத்துது, வரத்தான் செய்யும். அதனாலதான் சொல்றேன், போட்டாச்சுன்னு தைரியமா இருக்காதீங்க. எப்பவும்போல ஜாக்கிரதையாவே இருங்க. பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

பாதிக்குப் பாதி. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. கையெழுத்துப் போட்டாள்.

ஊசி போட்ட அன்று சாயங்காலம் தோள்பட்டை லேசாக வலித்தது. அண்ணனிடம் சொன்னபோது அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "வலிக்குதா? நல்லா வலிக்குதா? அப்ப மருந்துதான். உப்புத்தண்ணி எங்கயாவது வலிக்குமா?" அவளும் அதைத்தான் நம்ப விரும்பினாள். வலி இருக்கிறதா என்று அடிக்கடி அழுத்திப் பார்த்துக்கொண்டாள். வலி போனபோது ஏதோ கைப்பொருளைத் தொலைத்துவிட்டதுபோல இருந்தது. இரண்டாவது ஊசியும் ஆயிற்று. துணியையும் சோப்புத் தண்ணீரையும் அவள் விடவில்லை. ஆனால் வாசலில் யாராவது இருமும்போது முன்போல ஸ்டூலைப் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலையில் எழுந்தபோது உடம்பு அடித்துப்போட்டதுபோல இருந்தது. தொண்டையில் நெருப்பு. கட்டிலை விட்டு இறங்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து அறையில் அண்ணன் எழுந்துவிட்ட சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு ஆய்வு நர்ஸுக்குப் போன் செய்தாள். அவள் உடனே வந்து, வாசலில் வைத்தே மூக்கில் குச்சிவிட்டுச் சளி எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் முடிவு வந்தது. நெஞ்சுக் காய்ச்சலேதான்.

"தனியா இருங்கக்கா. அண்ணன் பக்கத்துல போகாதீங்க."

"அவன யாரு தூக்குவா?"

ஆள் அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் நர்ஸ். கேட்கவும் கேட்டாள். எல்லோரும் நாளைக்கு என்றார்கள்.

சாவியக்கா எதிர்வீட்டு டெய்லருக்குப் போன் செய்தாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு." கோபித்துக்கொள்ள அவளுக்குத் தெம்பும் இல்லை. அவர் இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம் என்று அவளுக்குத் தெரியும்.

"என்னைய இப்படியே விடு" என்று அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னான். "ஒரு நாள் படுத்துக் கிடந்தா தேஞ்சு போயிடமாட்டேன்." ஒரு நாள் விட்டாள். சாப்பாட்டுத் தட்டைக் கோலால் தள்ளிவிட்டாள். ஆனால் படுத்தே கிடந்தால் அவனுக்கு மூச்சு ஏறாது. நிமிர்த்தி உட்கார வைத்தால்தான் நெஞ்சில் சேரும் சளியை வெளியே தள்ள முடியும். படுக்கையும் நனைந்துவிட்டது. மறுநாள் காலையில் சுவருக்கு அப்பாலிருந்து அவன் மூச்சு கரகரவென்று கேட்டது. அனுப்புகிறேன் என்ற ஆள் வரவில்லை.

முகத்தில் இரண்டு துணி கட்டிக்கொண்டு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வாசலில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அப்படியே அவனைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். மூச்சு முட்டிக் கண் இருண்டது. வெளியே ஓடிவந்து சுவரில் சாய்ந்து இருமினாள். மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கையைச் சுருட்டினாள். இன்னொரு மூச்சில் துடைத்துவிட்டாள். "மீன் பிடிக்க முங்கற மாதிரி முங்கி முங்கி எந்திரிக்கிற" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்தபோது பிடித்திருந்த மூச்சு அவிழ்ந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அவளுக்குக் காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஏறியது.

அவன் அப்போதும் போனை எடுத்துப் பேசிக்கொண்டுதான் இருந்தான். ஒரு டிரைவர் வண்டி எங்கே போக வேண்டும் என்று கேட்க, இவன் தெருப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினான். "என்னண்ணே, உங்க குரல் சரியில்லையே" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். இத்தனை வருஷம் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரரை அன்றுதான் பார்த்தார். வளைந்து கிடந்த அந்தச் சின்ன உடம்பைப் பார்த்து வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டார். பிறகு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, தாமே தூக்கிப் பின் சீட்டில் சாவியக்காமேல் நிமிர்த்திச் சாய வைத்தார். வண்டியின் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் சாவியக்காவை உள்ளே விடவில்லை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்த ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். "உள்ள என் அண்ணன் இருக்கான். நிமிர்த்தி உக்கார வைக்கச் சொல்லுங்க. படுக்க வச்சா அவனுக்கு ஆகாது. இத மட்டும் யார்கிட்டயாவது சொல்லுங்க." சிலர் சொல்வதாகத் தலையாட்டினார்கள். சொன்னார்களா என்று தெரியாது.

சாயங்காலம் அவன் போனில் கூப்பிட்டான். பின்னால் மெஷின்களின் சத்தம்.

"சார்ஜர்... எடுத்துட்டு வந்தியா?"

"மறந்துட்டேன்ணே."

"சரி விடு. நாளைக்கு எடுத்துட்டு வா."

மறுநாள் சார்ஜரோடு போனாள். வாங்கிக்கொள்ள அவன் இல்லை.

அதன் பிறகு வந்த நாட்கள் எப்படிப் போயின என்று அவளுக்கே தெரியாது. காலையில் எழுந்ததும் அவனைத் தூக்குவதற்காகக் கைகள் தாமாகவே முன்னே போகும். போய் நின்று காலிக் கட்டிலைப் பார்ப்பாள். போனில் யாராவது டாக்சி கேட்டு அழைத்துக்கொண்டே இருந்தார்கள். "அவரு இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் மரத்துப்போயிற்று. நர்ஸ் பலமுறை கூப்பிட்டாள். ஒரு நாள் எடுத்து, "என் பேர எடுத்துடுங்க. நான் வரல" என்றாள். நர்ஸ் காரணம் கேட்கவில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் அழுதது இங்கே கேட்டது.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. மருந்து நன்றாகவே வேலை செய்கிறதாம். யார் யாருக்கு எது போடப்பட்டது என்பதையும் சொல்கிறார்களாம். போகக் கூடாது என்று இருந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனாள்.

ஆய்வு டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் போட்டது உப்புத்தண்ணிங்கம்மா."

சாவியக்கா தன் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"காய்ச்சல் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க உப்புத்தண்ணி போட்டவங்கதான்" என்றார் டாக்டர் மெதுவாக. "மருந்து போட்டவங்களுக்கு ரொம்பக் கொஞ்சம். அத வச்சுத்தான் இது வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுது. நீங்க நடுவுல விலகினாலும், அதுவரைக்கும் நடந்தது கணக்குல இருக்கு. உங்களாலயும்தான் தெரிஞ்சுதும்மா."

"எங்க அண்ணன்?"

டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "அவர் ஆய்வுல இல்லீங்களே."

"அவனும் என்கிட்டேர்ந்துதானே வாங்கிக்கிட்டான்? நான் கணக்குல இருக்கேன், அவன் இல்லையா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"யாராவது உப்புத்தண்ணி போட்டுக்கிட்டாத்தான் தெரியும்னு எனக்கு முன்னாடியே சொன்னாங்க, டாக்டர். நான் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். உங்க மேல தப்பில்ல. யார் மேலயும் தப்பில்ல. அதுதான் எனக்கு ஆறல. யாரையாவது பிடிச்சு நாலு வார்த்தை கேக்கலாம்னா ஒருத்தரும் அகப்படல."

இப்போது மருந்து ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் ட்ரேயோடு வந்து நின்றாள். சாவியக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "இனிமே போட்டு யாரைக் காப்பாத்த?" எழுந்து வந்துவிட்டாள்.

கடையைத் திறந்தாள். வேறு என்ன செய்வது? சாவி வெட்டினாள். யாரோடும் பேசவில்லை. கொஞ்ச நாளில் தடுப்பூசி எல்லோருக்கும் வந்துவிட்டது. சந்தைக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் போட்டார்கள். வரிசை நீளமாக ஒன்றும் இல்லை. ஜனங்களுக்கு ஆயிரம் சந்தேகம். செருப்புக் கடைக்காரர் ஒரு மத்தியானம் தயங்கித் தயங்கி வந்து மேசைமேல் சாய்ந்தார்.

"அக்கா, நீதான் முதல்லயே போட்டவ. உடம்புக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்குப் போட்டது உப்புத்தண்ணி."

"அதானே பார்த்தேன். நான் கொஞ்ச நாள் போகட்டும்னு இருக்கேன். போட்டவன் எப்படி இருக்கான்னு பார்த்துட்டு..."

"உன் வீட்டுல யாரு இருக்கா?"

"பொண்டாட்டி, பசங்க. அம்மா இருக்காங்க. எதுக்கு?"

"அம்மாவுக்கு நெஞ்சு எப்படி?"

"இளைப்பு உண்டு. அது எப்பவும் உள்ளதுதான்."

சாவியக்கா மெஷினை அணைத்தாள். "கடையச் சாத்து."

"என்னக்கா..."

"சாத்துன்னா சாத்து. இப்பவே."

அவள் குரலில் இருந்தது கோபமா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் மறுத்துப் பேசத் தைரியம் வரவில்லை. ஷட்டரை இறக்கினார். அவர் முழங்கையைப் பிடித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போவதுபோல மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையில் அவரை முன்னால் விட்டுப் பின்னால் நின்றாள், எங்கே ஓடிவிடுவாரோ என்று. அவருக்குப் போட்டு முடித்த பெண், அடுத்து நிற்பது யார் என்று கேட்டாள். சாவியக்கா உட்கார்ந்து ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

செருப்புக் கடைக்காரரின் அம்மாவுக்கு மறுநாள் போட்டார்கள். எதிர்வீட்டு டெய்லர் தாமாகவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவள் வாசலில் நின்று தலையைக் குனிந்துகொண்டார். "போயிட்டு வாங்க" என்றாள்.

அந்த வருஷமே டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டாள். சளிக் காய்ச்சல் ஊசியை மழைக்காலத்துக்கு முன்னால் மறக்காமல் போய்ப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். ஊசி போடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள். வலிக்கு அல்ல. அந்த நேரத்தில்தான் அண்ணன் ஞாபகம் ஒரேயடியாக வந்து மோதும். அவன் இருந்தபோது கெஞ்சியும் கேட்காமல், அவன் போன பிறகு வரிசையில் நிற்கிறோமே என்று நெஞ்சு கிடந்து துடிக்கும். வீட்டுக்கு வந்து ஒன்றும் சாப்பிடாமல் படுத்துவிடுவாள்.

சில வருஷங்களுக்குப் பிறகு அந்த நர்ஸ் கடைக்கே வந்தாள். இப்போது அவளுக்கும் காதோரம் ஒன்றிரண்டு நரை. பூட்டோ சாவியோ அவள் கையில் இல்லை.

"புதுசா ஒரு தடுப்பூசி ஆய்வு ஆரம்பிக்கிறோம்க்கா. இந்தத் தடவை ஆய்வுல சேர்றவங்க மட்டும் இல்ல, அவங்க கூட வீட்டுல இருக்கறவங்களையும் பார்த்துக்கிட்டே வருவோம். யாருக்காவது தொத்துதான்னு. அவங்களும் கணக்குல வருவாங்க. நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே, டாக்டர் அத மறக்கல." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "உங்கள வாங்கன்னு சொல்ல வரல. சொல்லிட்டுப் போகணும்னு தோணிச்சு, அவ்வளவுதான்."

சாவியக்கா அரத்தைக் கீழே வைத்தாள். சந்தைக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"பாதிக்குப் பாதிதானா?"

"ஆமாக்கா."

"சரி, வரேன்."

அதே பின்கட்டு, அதே இரண்டு அறை. சுவருக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். போட்ட தடுப்பூசிகளை எல்லாம் சாவியக்கா கடகடவென்று ஒப்பித்தாள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது நர்ஸின் குரல் இறங்கிப்போயிற்று.

"வீட்டுல கூட இருக்கறவங்க யாரெல்லாம்க்கா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

நர்ஸ் நிமிரவில்லை. எழுதி முடித்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, "எந்தக் கைல போடட்டும்?" என்றாள்.

"இடது கைல போடுங்க, சிஸ்டர். நாளைக்கு மெஷின் ஓட்டணும்" என்றாள் சாவியக்கா.